வெளி நங்கூரம்

திருகோணமலை இல்லையாம்.
காலை ஆறே முக்காலுக்கு ஒலிபெருக்கி சொன்னது
மூன்று மொழிகளில், மூன்றிலும் சிரித்துக்கொண்டே.
அலை உயரம், பயணிகள் பாதுகாப்பு,
பதினோரு மணிக்கு மேல்தளத்தில் தம்போலா.

சந்திரமதியின் கூந்தலில் சீப்பு பாதியில் நின்றது.
கட்டிலுக்கடியில் மஞ்சப்பை.
கோணேசருக்கென்று தண்டையார்பேட்டை மார்க்கெட்டில்
நாலைத் தட்டிப் பார்த்து ஐந்தாவதாக எடுத்த தேங்காய்,
குடுமியோடு.

"கண்ணுக்குத் தெரியுதேங்க" என்றாள்.
தெரிந்தது. ஒரு கரை, அதன் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி.
கலங்கரை விளக்கம்.
எனக்குத் தெரியும், சொல்லவில்லை.
அவள் அதைக் கும்பிட்டுவிட்டு
மிச்சத் தலையை வாரினாள்.

வரவேற்பு மேசையில் கூட்டம்.
சௌகார்பேட்டை ஜவுளிக்காரர் முழுப்பணமும் கேட்டார்.
புதுப்பெண் ஒருத்தி அழுதாள், துறைமுகத்துக்காக அல்ல என்று தோன்றியது.
துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்பி வருமாம்,
தலைக்கு எண்ணூற்றுப் பதினாறு ரூபாய்.
"நீங்க ஏதாச்சும் கேளுங்களேன்" என்றாள் இவள்.

என்ன கேட்பேன்?
முப்பத்தோரு வருடம்
சென்னைத் துறைமுகத்து சிக்னல் அறையில் உட்கார்ந்து
வயர்லெஸ்ஸில் நான் அதிகம் சொன்னது ஒரே வாக்கியம்:
வெளி நங்கூரத்தில் நில்லுங்கள், கூப்பிடுகிறோம்.
எனக்குக் கப்பல் என்றால் ஒரு பெயர், ஒரு நீளம்,
தண்ணீருக்கடியில் எத்தனை மீட்டர்.
ஒருமுறை, ராத்திரி ஷிப்டில், ஒரு பிலிப்பைன்ஸ் கேப்டன்
எவ்வளவு நேரம் என்று கேட்டான்.
டீ வந்தது. பட்டர் பிஸ்கட் வந்தது.
பதில் சொல்ல மறந்துபோனேன்.
அவனும் மறுபடி கேட்கவில்லை.

நான்காம் நாள் விடியலில் சென்னை.
எண்ணூர்ப் புகை தொடங்கி சாந்தோம் கோபுரம் வரை
நம்ம ஊர் படுத்த வாக்கில் கிடந்தது.
எல்லா போன்களும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன.
பால்காரருக்குச் சொல்லு, டிரைவர் எங்க, கேஸ் வந்துச்சா.
அப்போது காலடியில் ஒரு உறுமல்,
இரும்பு இரும்பை உரசிக்கொண்டு கீழே போயிற்று.
நங்கூரம் போட்டாயிற்று என்ற தகவலை
ஆயிரம் முறை நோட்டில் எழுதியிருக்கிறேன்.
அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

கார் ஏற்றுகிற கப்பல் இன்னும் இடம் விடவில்லையாம்.
எட்டு மணி பத்தானது, பத்து ஒன்றானது.
காசிமேட்டு விசைப்படகு ஒன்று எங்களை உரசுகிற மாதிரி கடந்தது.
ஐஸ் பெட்டி மேல் நின்ற பையன் கத்தினான்:
"இன்னா தலைவா, வூட்டுக்குப் போலியா?"
ஜவுளிக்காரரே சிரித்துவிட்டார்.

"உங்க ஆபீஸ்தானே, ஒரு போன் போட்டா என்ன?"
போட்டேன். ஜெபராஜ் எடுத்தான்.
"சார்! கப்பல்லயா இருக்கீங்க?
வெளி நங்கூரத்துல நில்லுங்க சார், கூப்பிடறோம்."
எவ்வளவு நேரம்ப்பா என்றேன்.
மேசையில் கண்ணாடி கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்டது.
சக்கரைய கலக்குகிற ஸ்பூன் சத்தமும்.
"சொல்றேன் சார்."

சொல்லவில்லை.
தளத்தில் சாய்வு நாற்காலிகள் கிடந்தன, வெயில் கிடந்தது.
இவள் மடியில் மஞ்சப்பையை வைத்துக்கொண்டு
நம் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டாள்.
காட்டினேன். கிரேனுக்குப் பின்னால், அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு இடதுபக்கம்.
"இங்கேருந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

வீடு வந்து சேர்ந்தபோது ராத்திரி ஒன்பது.
செருப்பைக்கூடக் கழற்றாமல் மொட்டைமாடிக்கு ஏறினாள்.
தேங்காயை இரண்டு கையிலும் ஏந்தித்
தெற்கே பார்த்து நின்றாள்.
இன்னும் கொஞ்சம் கிழக்கே என்றேன்.
திரும்பினாள்.
இன்னும் ஒரு பத்து டிகிரி.
"பேசாம இருங்க" என்றாள்,
ஆனால் திரும்பினாள்.